எல்லாப் புத்தகத்தையும் கொடுத்துவிடாதே

மதுரை
14.9.2025

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்து ரொம்ப நாளாகிவிட்டது. பதில் எழுதாமல் விட்டதற்குப் பேரன்தான் காரணம். மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள் என்று போனில் சொன்னேன் அல்லவா, ஆண் குழந்தை பிறந்திருக்கிறான். தாயும் பிள்ளையும் சுகம். அவன் ராத்திரி பூரா முழித்திருந்துவிட்டுப் பகலில் தூங்குகிறான். மற்றவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்ததா? புது பிளாட் எத்தனையாவது மாடி என்று நீ எழுதவில்லை. லிஃப்ட் ஒழுங்காக ஓடுகிறதா என்று முதலில் கேட்டுக்கொள்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். கும்பகோணம் வீட்டை விற்றுவிட்டுப் பெங்களூருக்கு மகனோடு போகிறீர்கள், இரண்டு படுக்கையறை பிளாட்டில் நாலு பீரோ புத்தகத்தை எங்கே வைப்பது, பேசாமல் மின்னூல் படிக்கும் கருவியான கிண்டில் ஒன்றை வாங்கிக்கொண்டு எல்லாவற்றையும் யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். மருமகள் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். அந்த மௌனத்துக்குப் பொருள் சொல்ல என்னால் ஆகாது.

கிண்டில் வாங்கு. அதில் யோசிக்க ஒன்றுமில்லை. ‘எல்லாவற்றையும்’ என்று எழுதினாயே, அங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

நம் வயசுக்கு அந்தக் கருவி செய்யும் பெரிய உபகாரம் எழுத்தின் அளவு. கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு எனக்குத் தூரத்து பஸ் போர்டு பளிச்சென்று தெரிகிறது, கையில் இருக்கும் புத்தகம்தான் தெரிவதில்லை. மலிவுப் பதிப்பு என்று ஒரு நாவலின் ஐந்து பாகத்தையும் ஒரே தொகுதியாக அடைத்துப் பொடி எழுத்தில் போடுகிறார்களே, அதைப் படுத்துக்கொண்டு நெஞ்சில் வைத்துப் படித்துப் பார், மூச்சு முட்டும். கிண்டில் இருநூறு கிராமும் சொச்சமும்தான் இருக்கும். எழுத்தை வேண்டிய மட்டும் பெரிதாக்கலாம், வரிகளுக்கு நடுவே இடமும் விடலாம்.

போனில் படித்தால் கண் எரிகிறதே, இதில் எரியாதா என்று கேட்டிருந்தாய். இது வேறு மாதிரித் திரை. அமெரிக்காவில் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் உருவான வித்தை, 1997இல் அதற்கென்றே ஒரு கம்பெனி தொடங்கினார்கள். திரைக்குள் கண்ணுக்குத் தெரியாத குமிழ்கள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் கறுப்புத் துகளும் வெள்ளைத் துகளும். மின்விசையைப் பொறுத்துக் கறுப்பு மேலே வந்தால் எழுத்து, வெள்ளை மேலே வந்தால் தாள். வந்த துகள் அப்படியே நின்றுவிடும், பக்கம் திருப்பும்போது மட்டும்தான் அதற்கு மின்சாரம் வேண்டும். ஒரு தடவை சார்ஜ் போட்டால் வாரக்கணக்கில் ஓடுவது அதனால்தான். ராத்திரி படிப்பதற்கான விளக்கும் ஓரத்திலிருந்து திரையின் மேல் படிகிறதே தவிர, போன் மாதிரி பின்னாலிருந்து கண்ணுக்குள் அடிப்பதில்லை. மொட்டை மாடியில் நல்ல வெயிலிலும் படிக்கலாம்.

புத்தக வாசனை போய்விடுமே என்று உருகுகிறவர்கள் உண்டு. என் பீரோவைத் திறந்தால் பாதி வாசனை பூஞ்சை, மீதி அந்துருண்டை. என் வீட்டுக்காரி அடுக்கித் துடைக்கிற அன்றைக்கு வீடே தும்மும். அந்த வாசனைக்காக நான் கண்ணீர் விடத் தயாராக இல்லை.

ஆனால் நிஜமாகவே ஒன்று போகிறது. புத்தகத்தில் ஒரு இடத்தைத் தேடினால், இடது பக்கத்தில், கீழே, பாதிக்குக் கொஞ்சம் முன்னால் என்று கை தானே போகும். கிண்டிலில் நாற்பத்தேழு சதவீதம் என்று ஓரத்தில் போட்டிருக்கும், அது மனசில் தங்குவதில்லை. இதை நார்வேக்காரரான ஆன் மாங்கன் என்பவரும் அவருடைய சகாக்களும் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 50 பேருக்கு ஒரே நீண்ட கதையைக் கொடுத்தார்கள். பாதிப் பேர் அச்சில் படித்தார்கள், பாதிப் பேர் கிண்டிலில். 2019இல் முடிவை வெளியிட்டார்கள். கதை புரிந்ததில் பெரிய வித்தியாசம் இல்லை. சம்பவங்களில் எது முன்னால், எது பின்னால் என்று வரிசைப்படுத்தச் சொன்னபோதுதான் கிண்டில்காரர்கள் பின்தங்கினார்கள். விரலுக்குத் தெரியும் கனத்துக்கும் ஞாபகத்துக்கும் ஏதோ சம்பந்தம் இருக்க வேண்டும். ஒரே மூச்சில் ஓடும் நாவலுக்கு இது பெரிய குறை இல்லை. உன் சைவ சித்தாந்த உரைகளைப் போல முன்னும் பின்னும் புரட்டுகிற நூலென்றால் திரையில் அவஸ்தைதான்.

அடுத்து, தமிழில் என்ன கிடைக்கும் என்பது. கிண்டில் 2007இலேயே வந்துவிட்டாலும், அதை விற்கும் அமேசான் கம்பெனி தன் இணையக் கடையில் தமிழ் நூல்களை முறையாக விற்க ஆரம்பித்தது 2016 கடைசியில்தான். அதற்கு வெகுகாலம் முன்பே நம் ஆட்கள் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று ஆரம்பித்தது. உலகம் முழுக்க இருந்து தன்னார்வலர்கள் சங்க நூல்களையும் பழைய உரைநடையையும் தட்டச்சு செய்து இணையத்தில் சும்மா கொடுக்கிறார்கள். உ.வே.சா.வின் என் சரித்திரம் அங்கே முழுசாக இருக்கிறது. ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் என்று ஒரு தளம், கணியம் அறக்கட்டளைக்காரர்கள் நடத்துவது. ஒவ்வொரு நூலையும் ஈபப் என்ற மின்னூல் வடிவிலும், ஆறு அங்குலத் திரைக்கென்றே அமைத்த பிடிஎஃப்பாகவும் போட்டிருப்பார்கள். எல்லாம் இலவசம்.

ஒரு எச்சரிக்கை. தமிழ் இணையக் கல்விக்கழக நூலகத்தில் உள்ள பழைய புத்தகங்களில் பெரும்பாலானவை பக்கத்தை அப்படியே படம் பிடித்தவை. படத்தில் எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கம் வெளியே ஓடும். சின்னக் கிண்டிலில் அதைப் படிப்பது கண்ணுக்குத் தண்டனை. அதற்கு மகனுடைய பெரிய டேப்லெட்டைக் கேள்.

ஆக, நாட்டுடைமை ஆன எழுத்தாளர்கள், காலமாகி அறுபது வருஷம் கடந்தவர்கள், இவர்கள் புத்தகமாக உன்னிடம் இருப்பது சாதாரண மறுபதிப்பு என்றால் தாராளமாகக் கொடு. நாளைக்கே வேண்டுமென்றாலும் காசில்லாமல் திரும்பக் கிடைக்கும்.

காசு கொடுத்து வாங்கும் மின்னூல் கதை வேறு. நீ வாங்குவது புத்தகத்தை அல்ல, படிக்கும் உரிமத்தை. 2009 ஜூலையில், உரிமை இல்லாத ஒருவர் விற்றுவிட்டார் என்று ஆர்வெல்லின் 1984 நாவலை வாங்கியவர்களின் கிண்டிலிலிருந்தே அமேசான் அழித்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், தலைவரே மன்னிப்பும் கேட்டார். எத்தனையோ நூல் இருக்க, அரசாங்கம் பழைய தாள்களை அழிக்கும் கதைதானா அகப்பட்டது! 2025 பிப்ரவரி 26 முதல், வாங்கிய நூலைக் கம்ப்யூட்டருக்கு இறக்கிக் கம்பி வழியாக ஏற்றும் வசதியையும் எடுத்துவிட்டார்கள். இது போகட்டும். எனக்கு உறுத்துவது இரவல்தான். நான் வாங்கிய மின்னூலை உனக்குப் படிக்கக் கொடுக்க வழியில்லை, கருவியையே தூக்கிக் கொடுத்தால் உண்டு. நாம் இரண்டு பேரும் சிநேகமானதே கல்லூரி ஹாஸ்டலில் இரவல் புத்தகத்தால்தானே. அதனால் யாருக்காவது கொடுத்துப் படிக்கச் சொல்லத் தோன்றும் புத்தகத்தை நான் இன்றைக்கும் அச்சில்தான் வாங்குகிறேன். மற்றதெல்லாம் கிண்டில்.

இப்போது முக்கியமான விஷயம். உன் அம்மா பைண்டு செய்து வைத்திருந்த தொடர்கதைகள் அந்த நாலாவது பீரோவின் அடித்தட்டில்தானே இருக்கின்றன? வாராவாரம் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்து, கடைசியில் காலிகோ துணி போட்டுத் தைத்தவை. அவற்றை யாருக்கும் கொடுக்காதே. அந்தக் கதைகள் மின்னூலாகக் கிடைக்கலாம். ஓவியம் வராது, ‘தொடரும்’ என்று எந்த இடத்தில் நிறுத்தி வாசகரை ஒரு வாரம் தவிக்கவிட்டார்கள் என்பதும் தெரியாது. பின்பக்கத்தில் பாதி வெட்டுப்பட்ட ஹேர் ஆயில் விளம்பரம், சினிமா விமர்சனம், யாரோ ஒருவர் ரேஷனைப் பற்றி எழுதிய வாசகர் கடிதம், இதையெல்லாம் எந்தக் கிண்டிலும் தராது. எனக்கு அந்தக் காலத்துக் கதைகளைவிட அந்தப் பின்பக்கங்கள்தான் இப்போது சுவாரசியமாக இருக்கின்றன. நடுவில் ஒரு அத்தியாயம் விட்டுப்போனால் அம்மா கையாலேயே கதைச் சுருக்கம் எழுதி ஒட்டியிருப்பார்கள், நினைவிருக்கிறதா? உன் அப்பா ஓரத்தில் பென்சிலால் சண்டை போட்டிருக்கும் புத்தகங்களும் இந்தக் கணக்கில்தான் சேரும். எல்லாம் சேர்த்தால் ஒரு பீரோ வரும். அதற்கு இடம் உண்டா என்று மகனிடம் நீயே வாய்விட்டுக் கேள்.

முதல் பதிப்புகள், பழைய சிற்றிதழ்கள் ஏதாவது இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதே. புதுக்கோட்டை ஞானாலயா உனக்குக் கிட்டத்தில்தான் இருக்கிறது, ஒரு தம்பதி சொந்த முயற்சியில் வளர்த்த நூலகம், முதல் பதிப்புகளுக்குப் பேர்போனது. இல்லாவிட்டால் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாள் பூரா சேர்த்ததை வைத்து 1994இல் தொடங்கியது. மூட்டையைக் கட்டுவதற்கு முன் பட்டியல் எழுதி அனுப்பிக் கேட்டுவிடு. அவர்களிடம் ஏற்கெனவே இருப்பதையே கொண்டுபோய் இறக்கினால் அவர்களுக்கும் தொல்லை.

அப்புறம், கிண்டில் வாங்கும்போது இருப்பதிலேயே விலை கூடியதைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். உனக்கு விளக்கு உள்ள சாதாரண மாடலே போதும். கூடவே ஒரு உறை வாங்கிவிடு. கம்ப்யூட்டரில் காலிபர் என்ற இலவச மென்பொருளை மகனை விட்டுப் போடச் சொல். கோவிட் கோயல் என்ற நம் நாட்டுக்காரர் 2006இல் எழுத ஆரம்பித்தது, மின்னூல்களை அடுக்கி வைப்பதற்கு அதைவிட நல்லது நான் பார்த்ததில்லை.

பீரோ பிரிக்கிற வாரம் எப்போது என்று எழுது. மகள் தீபாவளிக்கு முன்னால் ஊருக்குக் கிளம்பிவிடுவாள். அதற்கப்புறம் என்றால் நானே நாலு நாள் வந்து கூட இருக்கிறேன். தனியாக உட்கார்ந்து பிரித்தால் நீ ஒன்றைக்கூட விடமாட்டாய், அல்லது கோபத்தில் எல்லாவற்றையும் விட்டுவிடுவாய். உன்னிடமிருந்து நான் எதையெல்லாம் தூக்கிக்கொண்டு வரலாம் என்று ஒரு கணக்கும் எனக்கு இருக்கிறது, அதை நேரில் சொல்கிறேன். தங்கச்சியிடம் விசாரித்ததாகச் சொல்.

உன்,
ராமநாதன்