லினக்ஸ் அட்மின் பயிற்சி: இந்த வாரம் எஃப்எஸ்டேப் (பூட்டின்போது எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று சொல்லும் ஃபைல்)

நண்பர்களே, ரெட் ஹாட் நிறுவனத்தின் லினக்ஸ் அட்மின் சான்றிதழான ஆர்எச்சிஎஸ்ஏ முழுக்கச் செய்முறைத் தேர்வு. ரீபூட்டுக்குப் பிறகும் நிலைத்தால்தான் மதிப்பெண். சர்வீஸை ஸ்டார்ட் செய்தால் போதாது, பூட்டின்போது தானாகத் தொடங்கும்படி எனேபிளும் செய்ய வேண்டும்.

விஎம்மில் (விர்ச்சுவல் மெஷின்) கூடுதலாக 2 ஜிபி டிஸ்க் சேர்த்து, பார்ட்டிஷன் போட்டு, எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தில் ஃபார்மட் செய்யுங்கள். எஃப்எஸ்டேப்பில் 'எஸ்டிபி1' என்று பார்ட்டிஷன் பெயரை எழுத வேண்டாம். டிஸ்க் வரிசை மாறினால் பெயரும் மாறிவிடும். பிஎல்கேஐடி கட்டளை காட்டும் யுயுஐடியை (ஃபைல் சிஸ்டத்தின் தனி அடையாளக் குறியீடு) அப்படியே ஒட்டுங்கள்.

ரீபூட்டுக்கு முன் எஃப்எஸ்டேப்பில் உள்ளவற்றை மவுண்ட் செய்யும் (இணைக்கும்) 'மவுண்ட் -ஏ' கட்டளை கட்டாயம். ஏற்கெனவே மவுண்ட் ஆகியிருந்தால் முதலில் அன்மவுண்ட் செய்யுங்கள். இல்லையென்றால் அந்த வரியைத் தாண்டிப் போய்விடும், பிழை வெளியே தெரியாது. யுயுஐடியில் ஓர் எழுத்து பிசகினால் பூட் வழக்கமாக 90 நொடி காத்திருந்து எமர்ஜென்சி மோடில் (பழுது பார்ப்பதற்கான நிலை) நிற்கும். ரூட் பாஸ்வேர்டு தெரியாதவர் பாடு அங்கே திண்டாட்டம்தான்.

விஎம்மின் இப்போதைய நிலையைச் சேமிக்கும் ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டு, வேண்டுமென்றே ஒருமுறை தப்பாக எழுதி மீட்டெடுங்கள். சந்தேகம் கேட்கும்போது பூட் பதிவுகளைக் காட்டும் 'ஜர்னல்சிடிஎல் -எக்ஸ்பி' கட்டளையின் வெளியீட்டையும் சேர்த்துப் போடுங்கள்.