சர்க்கரை நோயாளி கையில் தரும் கண் சீட்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நவம்பர் 14 உலக நீரிழிவு நாளையொட்டிப் பல ஊர்களில் இலவச முகாம்கள் நடக்கும். விரல் நுனியில் ரத்தம் எடுப்பார்கள், பிரஷர் பார்ப்பார்கள், சில இடங்களில் விழித்திரையைக் கேமராவில் படம் எடுப்பார்கள். சந்தேகம் இருந்தால் ‘கண் மருத்துவரைப் பார்க்கவும்’ என்று ஒரு சீட்டு கிடைக்கும். அது பல வீடுகளில் மாத்திரை டப்பாவோடு அப்படியே தங்கிவிடுகிறது. சீட்டு வாங்கியவர்களுக்கும் எழுதித் தருபவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம்.

‘எனக்கு நல்லாத்தானே தெரியுது’ என்பதுதான் போகாதவர்கள் சொல்லும் முதல் காரணம். சர்க்கரை அதிகமாக இருக்கும்போது விழித்திரையின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் பலவீனமாகிப் புடைக்கின்றன, கசிகின்றன, சில இடங்களில் அடைத்தும் போகின்றன. ரத்தம் போகாத பகுதியை ஈடுகட்டப் புதுக்குழாய்கள் முளைக்கும். அவை தரமற்றவை, எளிதில் உடையும். இத்தனை நடந்தும், விழித்திரையின் நடுப்புள்ளி பாதிக்கப்படாதவரை அந்த நபர் எழுத்துப் பலகையின் கடைசி வரி வரை படித்துவிடுவார். வலி இருக்காது, கண் சிவக்காது. சிகிச்சை நன்றாகப் பலன் தருவதும் இந்தக் கட்டத்தில்தான். திடீரென்று கரும்புள்ளிகளோ ஒட்டடை போன்ற நூல்களோ கண்முன் மிதந்தால் உள்ளே ரத்தம் கசிந்திருக்கலாம். அப்போது சீட்டில் உள்ள தேதிக்குக் காத்திருக்கக் கூடாது, அன்றே போக வேண்டும்.

கண்ணாடிக் கடையில் பவர் பார்த்துவிட்டு, ‘கண் செக்கப் முடிந்தது’ என்று நினைப்பவர்களும் உண்டு. அங்கே பார்ப்பது பவரை மட்டும், விழித்திரையை அல்ல. தவிர, சர்க்கரை ஏறி இறங்கும்போது பவரும் மாறும். சர்க்கரை சில வாரங்கள் நிலையாக இருந்த பிறகு கண்ணாடி வாங்கினால் காசு வீணாகாது. கண்புரை அறுவைக்குப் பெயர் கொடுத்திருப்பவர்களும் தங்களுக்குச் சர்க்கரை இருப்பதைச் சொல்லி, முன்கூட்டியே விழித்திரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நடுப்புள்ளியில் வீக்கம் இருப்பது தெரியாமல் புரையை எடுத்தால் வீக்கம் கூடக்கூடும். ‘ஆபரேஷன் செய்தும் பார்வை வரலை’ என்ற புகார்களில் சிலவற்றுக்கு இதுவே காரணம்.

இரண்டாவது தடை சொட்டு மருந்து. விழித்திரையை முழுமையாகப் பார்க்கக் கண்ணின் பாவை விரிய வேண்டும். சொட்டு விட்டபின் அரை மணி நேரமாவது ஆகும். நீண்ட நாள் சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாவை மெதுவாகத்தான் விரியும் என்பதால் இரண்டு, மூன்று முறை விட வேண்டியிருக்கும். ‘நமக்கு மட்டும் ஏன் இவ்வளவு நேரம்’ என்று பாதியில் எழுந்து போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் உட்கார்ந்திருப்பார்கள். பிறகு நான்கு முதல் ஆறு மணி நேரம் கிட்டத்து எழுத்து மங்கும், வெயில் கூசும். அன்று பைக் ஓட்டக் கூடாது, துணைக்கு ஒருவர் வேண்டும், கறுப்புக் கண்ணாடி இருந்தால் நல்லது. கூலி வேலைக்குப் போகிறவருக்கு அந்த நாள் வேலை போய்விடும் என்பது உண்மைதான். அதை முன்பே சொல்லிவிட்டால் தோதான நாளை அவரே தேர்ந்துகொள்வார். வெறும் வயிற்றில் வரத் தேவையில்லை; இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொண்டு சாப்பிடாமல் வரிசையில் நின்றால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். வழக்கம்போல் சாப்பிட்டு, மருந்து எடுத்துக்கொண்டு, கையில் பிஸ்கட்டும் தண்ணீரும் வைத்துக்கொள்ளுங்கள். கண் அழுத்த நோய் இருந்தால் சொட்டு விடும் முன்பே சொல்லிவிடுங்கள்.

‘இன்சுலின் போட்டதால்தான் கண் கெட்டது’ என்ற பேச்சு ஊர்ப்பக்கம் நிறையக் கேட்கிறது. இதில் பாதிதான் உண்மை. பல வருடங்களாக மிக அதிகமாக இருந்த சர்க்கரையை வேகமாகக் குறைக்கும்போது, ஏற்கெனவே விழித்திரை பாதிப்பு உள்ளவர்களில் சிலருக்கு முதல் சில மாதங்களில் அது கூடலாம். அதற்காக இன்சுலினை நிறுத்திவிடக் கூடாது. நீண்ட காலத்தில் கண்ணைக் காப்பது கட்டுப்பாடுதான். தீவிர சிகிச்சை தொடங்கும் முன் விழித்திரையைக் காட்டிவிட வேண்டும் என்பதே சரியான பாடம்.

விழித்திரைப் பாதிப்புக்கான சிகிச்சை லேசர், கண்ணுக்குள் ஊசி என்ற பயம் அடுத்தது. இரண்டுக்கும் முன்னால் மரத்துப்போகச் சொட்டு விடுவார்கள். ஊசி போடும் வேலை சில வினாடிகளில் முடியும். இங்கே பயத்தைவிடப் பெரிய சிக்கல், பாதியில் விடுவது. ஊசி மருந்தின் வேலை சில வாரங்களே நிற்கும். ஆரம்பத்தில் மாதம் ஒன்றாகத் தொடர்ந்து போட வேண்டியிருக்கும். முதல் ஊசியில் பார்வை தெளிந்ததும் வராமல் நின்றுவிட்டால் வீக்கம் திரும்பிவிடுகிறது. ஊசி போட்ட சில நாட்களில் வலியோ சிவப்போ மங்கலோ கூடினால் உடனே திரும்பி வர வேண்டும், கிருமித் தொற்றாக இருக்கலாம். புதுக்குழாய்களுக்கான லேசரைப் பல தவணைகளாக வைப்பார்கள். அது இருக்கும் பார்வையைக் காக்கும், போன பார்வையைத் திருப்பித் தராது. இதை முதலிலேயே சொல்லாவிட்டால் நோயாளி ஏமாந்ததாக நினைத்து அடுத்த தவணைக்கு வரமாட்டார்.

யார், எப்போது போக வேண்டும்? நடுவயதில் வரும் இரண்டாம் வகை என்றால் சர்க்கரை என்று தெரிந்த உடனே, ஏனென்றால் நோய் சில வருடங்களுக்கு முன்பே தொடங்கியிருக்கும். சிறுவயதில் வரும் முதல் வகைக்கு ஐந்து வருடங்களுக்குள். ஏற்கெனவே சர்க்கரை உள்ள பெண் கருவுற்றால் முதல் மூன்று மாதத்துக்குள். பாதிப்பு இல்லை என்றாலும் வருடம் ஒருமுறை. இருந்தால் எத்தனை மாதத்தில் என்பதை மருத்துவர் சொல்வார்.

2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வின்படி தமிழகத்தில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் உள்ளது. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பலருக்கு மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நல்ல விஷயம். ஆனால் சொட்டு விட்டு விழித்திரை பார்க்க மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். மாத்திரை கொடுக்கும்போதே ‘கண் காட்டி எவ்வளவு நாளாச்சு?’ என்று கேட்டால் கூடுதல் செலவு எதுவும் இல்லை.

சீட்டு எழுதுபவர்களுக்கு: ‘கண் மருத்துவரைப் பார்க்கவும்’ என்பது போதாது. எந்த மருத்துவமனை, எந்தக் கிழமை, எந்த அறை, எத்தனை மணிக்குள் ஓ.பி. சீட்டு போட வேண்டும், எத்தனை நாளுக்குள் போக வேண்டும் என்று எழுதுங்கள். கடைசியாகப் பார்த்த எச்.பி.ஏ.1.சி. (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி), பிரஷர், மருந்துகளின் பெயர் இரண்டு வரியில் இருந்தால் அங்குள்ள மருத்துவருக்கு உதவும். நோயாளியின் மகன் அல்லது மகளின் செல்போன் எண்ணை வாங்கி வைத்து, தேதி தாண்டினால் ஒருமுறை கூப்பிடுங்கள்.

உங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். நீரிழிவு முகாம் அறிவிப்புகளை வெளியிடும்போது, அந்த மாவட்ட அரசு மருத்துவமனையில் விழித்திரைப் பரிசோதனை நடக்கும் கிழமையையும் நேரத்தையும் கீழே ஒரு வரியாகச் சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
கண் மருத்துவ உதவியாளர்கள் சிலர்,
திண்டுக்கல் மாவட்டம்.