திரும்பி வராத 108 வெள்ளி

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற சப் போஸ்ட்மாஸ்டர்,
உறையூர், திருச்சிராப்பள்ளி.

பெறுநர்:
நிர்வாகி அவர்கள்,
மின்னணுப் பொருள் விற்பனைக் கடை,
சிராங்கூன் சாலை, சிங்கப்பூர்.

நாள்: 2.7.2025

பொருள்: 14.6.2025 அன்று வாங்கிய மடிக்கணினிக்குச் சுற்றுப்பயணி வரித்தொகை திரும்பக் கிடைக்காமல் போனது. உத்தரவாதம் பற்றித் தவறான தகவல் தந்தது.

ஐயா,

வணக்கம். ஜூன் 14, சனிக்கிழமை மாலை ஆறு மணி சுமாருக்கு நானும் என் மனைவியும் தங்கள் கடைக்கு வந்து, கல்லூரியில் சேரப்போகும் பேத்திக்காக 1,308 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) ஒரு மடிக்கணினி வாங்கினோம். கணினி நன்றாக இருக்கிறது. பேத்தி அதைக் கீழே வைப்பதே இல்லை. எனக்குள்ள மனக்குறை வேறு. தங்கள் கடையில் எங்களிடம் தமிழில் ஒன்று சொன்னார்கள், ஆங்கிலத்தில் அச்சடித்த காகிதத்தில் வேறொன்றைத் தந்தார்கள்.

நாங்கள் ஏன் தங்கள் கடைக்கு வந்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கிளம்பும்போதே என் மைத்துனர், "அத்தான், எலக்ட்ரானிக் சாமான் வாங்கினா பார்த்து வாங்குங்க" என்று எச்சரித்திருந்தார். 2014-இல் சிம் லிம் ஸ்கொயர் என்ற எலக்ட்ரானிக் கடை வளாகத்தில் ஒரு வியட்நாம் பயணி, ஐபோனுக்குக் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டுக் கடைக்காரர்கள் முன்னால் மண்டியிட்டு அழுத காட்சியை அவர் இன்னும் மறக்கவில்லை. (அந்தக் கடைக்காரர் பிறகு சிறைக்குப் போனார் என்பதையும் அவர்தான் சொன்னார்.) அதனால் அந்தப் பக்கமே போகாமல், தேக்கா சந்தையிலிருந்து நடந்து வந்து, தமிழ்ப் பலகை தொங்கிய தங்கள் கடைக்குள் நுழைந்தோம். என் மனைவிக்கு ஆங்கிலம் தெரியாது. எனக்குத் தெரிந்தது தபால் இலாகா ஆங்கிலம். நம் மொழியில் கேட்டு, நம் மொழியில் பதில் வாங்கிப் பொருள் எடுக்கலாம் என்ற தைரியம்தான் காரணம்.

தங்கள் விற்பனையாளர் தங்கமான பிள்ளை. மலேசியாவின் ஜோகூர் பாருவிலிருந்து தினமும் பாலம் தாண்டி வேலைக்கு வருவதாகச் சொன்னார். மூன்று மாடல்களை எடுத்து வைத்து, பொறுமையாக விளக்கினார். நான் விலையைப் பார்த்துத் தயங்கியதும், "1,308 வெள்ளிதான் அங்கிள். அதுலயும் 108 வெள்ளி ஏர்போர்ட்ல திரும்பக் கெடச்சிடும்" என்றார். நான் அங்கேயே மனக்கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1,200-க்கு 9 சதவீதம் 108. 2024 ஜனவரியிலிருந்து அங்கே பொருள் சேவை வரி 9 சதவீதம் என்று செய்தித்தாளில் படித்திருந்ததால் கணக்கு சரியாகவே வந்தது. எங்கள் பணத்தில் ஏழாயிரம் ரூபாய்க்கு மேல். அந்த ஏழாயிரம் இல்லையென்றால் திருச்சியிலேயே வாங்கியிருப்பேன். இதை அவரிடம் வாய்விட்டே சொன்னேன். "அதான் கெடச்சிடுமே அங்கிள்" என்றார்.

பணம் கட்டும் மேசையில்தான் கோளாறு. கையிலிருந்த அசல் பாஸ்போர்ட்டை நீட்டினேன். மேசையில் இருந்த பெண், ஸ்கேன் செய்யும் கருவி அன்றைக்கு வேலை செய்யவில்லை என்றார். சனிக்கிழமைக் கூட்டம், எனக்குப் பின்னால் எட்டுப் பேர். அவர் தன் சொந்தக் கைப்பேசியை எடுத்து என் பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தைப் படம் பிடித்துக்கொண்டு, "ராத்திரியே ஏத்திடுவோம், நீங்க கெளம்புறதுக்குள்ள சிஸ்டத்துல இருக்கும்" என்றார். நான் தபால் இலாகாவில் முப்பத்தாறு வருடம் குப்பை கொட்டியவன். ரிஜிஸ்டர் தபாலை வாங்கி வைத்துக்கொண்டு, "ரசீது நாளைக்குத் தருகிறேன்" என்று நான் ஒருவரிடமாவது சொல்லியிருந்தால் அன்றைக்கே எனக்கு மெமோ வந்திருக்கும். அதைத் தெரிந்தவனே தலையாட்டிவிட்டு நகர்ந்தேன் என்பதில் எனக்கு என் மேலேயே கோபம் உண்டு. தமிழில் சொன்னார்கள், நம்பிவிட்டேன்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மறுநாள் கோடாலித் தைலமும் சாக்லெட்டும் வாங்க வேறொரு கடைக்குப் போனோம். சிங்கப்பூர் போய்விட்டுக் கோடாலித் தைலம் இல்லாமல் திரும்பினால் எங்கள் தெருவில் நடமாட முடியாது. அங்கே இருந்தவர் வயதான சீன அம்மா. அவருக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. மொத்தம் 64 வெள்ளி. நான் ஆசையாகப் பாஸ்போர்ட்டை எடுத்தேன். அவர் கால்குலேட்டரில் 100 என்று அடித்துக் காட்டி, என் பில்லைத் தொட்டு, கையை இப்படியும் அப்படியும் ஆட்டிவிட்டார். நூறு வெள்ளிக்குக் குறைந்தால் வரி திரும்பாது என்ற விதி எனக்கு அரை நிமிடத்தில் விளங்கிவிட்டது.

ஜூன் 17 இரவு விமானம். வரி வேலை இருக்கிறதே என்று மூன்று மணி நேரம் முன்பாகவே சாங்கி போய்ச் சேர்ந்தோம். இயந்திரத்தில் பாஸ்போர்ட்டை வைத்தேன். என் பெயரில் எந்தக் கொள்முதலும் இல்லை என்று திரை சொன்னது. "சரியா வையுங்க" என்றாள் மனைவி. நான்கு முறை வைத்தேன். சுங்க மேசையில் இருந்த அதிகாரி மரியாதையாகவே பேசினார். கடையில் பதிவு செய்திருந்தால்தான் இங்கே தெரியும், பில் மட்டும் இருந்தால் போதாது என்றார். கணினிப் பெட்டி, பில், பாஸ்போர்ட், கணினிக்குப் பணம் கட்டிய கிழவன் எல்லாமே அவர் கண் முன்னால் இருந்தோம். ஆனாலும் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இரவு 9.40-க்குத் தங்கள் கடைக்கு போன் செய்தேன். மேனேஜர் இல்லை, நாளைக்குக் கூப்பிடுங்கள் என்று பதில் வந்தது. நாளைக்கு நான் உறையூரில் இருப்பேன் என்றேன். இணைப்பு துண்டிக்கப்பட்டது.

ஜூன் 19 அன்று மின்னஞ்சல் அனுப்பினேன். வரி திரும்பப் பெறுவது பயணிக்கும் விமான நிலையத்துக்கும் இடையிலான விஷயம் என்று ஆங்கிலத்தில் மூன்று வரிப் பதில் வந்தது. ஜூன் 25 அன்று அனுப்பிய இரண்டாவதற்குப் பதிலே இல்லை.

ஐயா, அந்த மூன்று வரியைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பயணிகளுக்கு வரியைத் திருப்பித் தரும் இந்தத் திட்டத்தில் சேர வேண்டும் என்று எந்தக் கடைக்கும் கட்டாயம் கிடையாது. சேர்ந்திருப்பதாகக் கண்ணாடிக் கதவில் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பது நீங்கள். பயணி செய்ய வேண்டியவை எல்லாவற்றையும் நான் செய்தேன். ஒரே கடையில் நூறு வெள்ளிக்கு மேல் வாங்கினேன். அசல் பாஸ்போர்ட்டைக் காட்டினேன். இரண்டு மாதத்துக்குள் வெளியேற வேண்டும் என்பது விதி, நான் மூன்றாம் நாளே பொருளோடு விமானம் ஏறினேன். பாஸ்போர்ட்டை அந்த நேரத்திலேயே கருவியில் பதிவது கடையின் வேலை. கருவி பழுது என்றால் "இன்றைக்கு வரி திரும்பாது" என்று தமிழிலேயே சொல்லியிருக்கலாம். நான் ஞாயிறு அல்லது திங்கள் வந்து வாங்கியிருப்பேன், தங்கியிருந்தது டன்லப் தெருவில், ஐந்து நிமிட நடை.

அந்த 108 வெள்ளி தங்கள் கல்லாவில் இல்லை, அரசுக்குப் போயிருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் நாட்டை விட்டு வந்துவிட்ட பிறகு நான் அதை அரசிடம் கேட்க வழியில்லை. வழியை அடைத்தது தங்கள் மேசை. ஆகவே தொகையைத் தாங்கள்தான் தர வேண்டும். முழு 108 கூட வேண்டாம். திரும்பத் தரும் முகவர் தன் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு எவ்வளவு கொடுத்திருப்பாரோ, அவ்வளவு போதும். பணம் கட்டிய அதே அட்டைக்கு அனுப்பலாம்.

உத்தரவாத விஷயம் இதைவிடச் சின்னது, ஆனால் அதே ஜாதி. "இந்தியாவுலயும் செல்லும் அங்கிள்" என்று வாயால் சொன்னது, பெட்டிக்குள் இருந்த அட்டையில் சிங்கப்பூருக்கு மட்டும் என்று இருக்கிறது. திருச்சியில் அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் எண்ணைத் தட்டிப் பார்த்து அதையே உறுதி செய்தார்கள். இந்தியாவில் செல்லும்படி மாற்றித் தர முடியுமானால் மாற்றித் தாருங்கள். முடியாதென்றால், பழுது வந்தால் தங்கள் கடை என்ன செய்யும் என்பதை எழுத்தில் கொடுங்கள். இந்த முறை எழுத்தில்.

மூன்றாவது, என் பாஸ்போர்ட்டின் படம். அது இன்னும் யாரோ ஒருவருடைய சொந்தக் கைப்பேசியில் கிடக்கிறது. எதற்காக எடுக்கப்பட்டதோ அது நடக்கவேயில்லை என்னும்போது, அதை வைத்திருக்கவும் காரணம் இல்லை. தங்கள் நாட்டில் 2012-ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. படத்தை அழித்துவிட்டு, அழித்ததாக எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

இரண்டு வாரம், அதாவது ஜூலை 16 வரை காத்திருப்பேன். அதற்குள் பதில் இல்லையென்றால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்துக்கு இந்தக் கடிதத்தின் நகல் போகும். அதற்கும் மசியவில்லை என்றால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. இந்த அளவுத் தொகைக்கு அங்கே மனுக் கட்டணம் 10 வெள்ளிதான், மனுப் போட இரண்டு வருடம் அவகாசம் உண்டு. எனக்கு பென்ஷன் வருகிறது, நேரமும் நிறைய இருக்கிறது.

பில், உத்தரவாத அட்டை, எங்கள் மின்னஞ்சல்கள், தங்கள் மூன்று வரிப் பதில் ஆகியவற்றின் நகல்களை இணைத்திருக்கிறேன். கடிதத்தைத் திருச்சி தலைமை அஞ்சலகத்திலிருந்து பதிவுத் தபாலில் அனுப்புகிறேன், ரசீது என்னிடம் இருக்கிறது.

ஒரு வேண்டுகோள். அந்த ஜோகூர்ப் பிள்ளையை இதற்காக வேலையை விட்டு அனுப்பிவிடாதீர்கள். கருவி பழுதானது அவருக்குத் தெரிந்திருக்காது. எங்கள் ஊர் பிளக் பாயின்டுக்குச் சேராது என்று, கேட்காமலேயே ஒரு அடாப்டரை எடுத்துப் பெட்டிக்குள் போட்டவர் அவர்தான். அது மட்டும் சொன்னபடி வேலை செய்கிறது.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
உறையூர், திருச்சி.