சைக்கிள் இலவசம் இல்லீங்க, சம்பளத்தில் பிடிக்கிறார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில், இங்கிலாந்தில் கம்பெனிகள் ஊழியர்களுக்கு இலவசமாக சைக்கிள் வாங்கித் தருகின்றன, நம்மூர் முதலாளிகளும் கொஞ்சம் கற்றுக்கொள்ளட்டும் என்ற தோரணையில் ஒரு கட்டுரை வந்திருந்தது. அதைப் படித்துவிட்டு கோவையிலிருந்து என் மச்சினன் போன் போட்டான். "மாமா, சும்மாதானே தர்றாங்க, வீட்டுக்கு ஒண்ணு மலைக்கு ஒண்ணுன்னு ரெண்டா வாங்கிக்க வேண்டியதுதானுங்களே" என்கிறான். அரை மணி நேரம் அவனுக்கு விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ இது நம்ம அப்பா காலத்து சைக்கிள் அட்வான்ஸ்தானுங்களே" என்றான். சரியாகப் பிடித்துவிட்டான். அரசு ஊழியர்களுக்கு சைக்கிள் வாங்க முன்பணம் கொடுத்து, மாதாமாதம் சம்பளத்தில் பிடிப்பார்களே, அதன் தூரத்துச் சொந்தம்தான் இது. இலவசம் என்றால் தமிழ்நாட்டில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கிறதே, அது இலவசம்.

நான் ஷெஃபீல்டில் ஒரு வார்ப்புத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருக்கிறேன். போன வருஷம்தான் இந்தத் திட்டத்தில் ஒரு மவுண்டன் பைக் வாங்கினேன். அதனால் கணக்கைச் சொல்லிவிடுகிறேன்.

1999இல் வந்த ஒரு வரிச் சலுகையில் ஆரம்பித்தது இது. சைக்கிளை வாங்குவது கம்பெனி. உங்களுக்கு அதை வாடகைக்குக் கொடுக்கிறது, பெரும்பாலும் 12 மாதத்துக்கு. அந்த வாடகையை உங்கள் சம்பளத்தில் வரி பிடிப்பதற்கு முன்பே கழித்துக்கொள்வார்கள், சலுகை அந்த இடத்தில்தான் இருக்கிறது. 1,000 பவுண்டு சைக்கிள் என்று வையுங்கள். என்னைப் போல அடிப்படை வரி கட்டுகிறவனுக்கு வருமான வரி 20 சதவீதம், நேஷனல் இன்ஷூரன்ஸ் என்ற சமூகப் பாதுகாப்புப் பிடித்தம் 8 சதவீதம், ஆக 280 பவுண்டு மிச்சம். கையிலிருந்து போவது 720, மாதம் 60. அதிக வரி கட்டும் மேனேஜருக்கு 40ம் 2ம் சேர்ந்து 420 மிச்சம். கம்பெனிக்கும் லாபம் உண்டு, அந்த ஆயிரத்துக்கு அது கட்ட வேண்டிய 15 சதவீத நேஷனல் இன்ஷூரன்ஸ் பணம் அதற்கு மிச்சம். ஆக யாரும் யாருக்கும் தானம் செய்யவில்லை.

வருஷம் முடிந்ததும் சைக்கிள் உங்களுடையது ஆகிவிடாது, அது கம்பெனியின் சொத்து. உடனே உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும் என்றால் வரித்துறை வைத்திருக்கும் அட்டவணைப்படி 500 பவுண்டுக்கு மேல் விலையுள்ள, ஒரு வருஷம் ஓடிய சைக்கிளின் மதிப்பு 25 சதவீதம். அதாவது இன்னும் 250 பவுண்டு. மிச்சம் பிடித்த 280இல் 250 போனால் மீதி என்ன என்று நீங்களே பாருங்கள். இதற்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது, சட்டப்படியான வழிதான். 7 சதவீதம், அதாவது 70 பவுண்டு டெபாசிட் கட்டி இன்னும் சில வருஷம் வாடகை இல்லாமல் ஓட்டிக்கொள்ளலாம், அதற்குள் அட்டவணை மதிப்பு தேய்ந்து அந்த டெபாசிட் அளவுக்கு வந்துவிடும், கடைசியில் மேற்கொண்டு கட்டாமல் அது உங்களுக்கே வந்துவிடும். அப்படிப் பார்த்தால் மொத்தச் செலவு 790. நல்ல சலுகைதான், மறுக்கவில்லை.

இன்னொன்றையும் கட்டுரையில் எழுதியிருக்க வேண்டும். சைக்கிள் திருடு போனாலும் பிடித்தம் நிற்காது. என் பிரிவில் ஒருவருக்கு மூன்றாவது மாதம் ரயில் நிலைய வாசலில் வைத்திருந்த வண்டி போய்விட்டது, இன்ஷூரன்ஸும் எடுத்திருக்கவில்லை. அதற்கப்புறம் ஒன்பது மாதம் சம்பளச் சீட்டில் சைக்கிளுக்கான பிடித்தம் வந்துகொண்டே இருந்தது, சைக்கிள் மட்டும் வரவில்லை. நடுவில் வேலையை விட்டாலும் மீதித் தொகையைக் கடைசிச் சம்பளத்தில் மொத்தமாக எடுப்பார்கள், அதுவும் வரி போக மிஞ்சிய பணத்தில்.

இனி நான் வாங்கிய கதை. இந்தத் தள்ளுபடி மனசுக்குள் ஒரு விளையாட்டு விளையாடும். ஒவ்வொரு பவுண்டும் 72 பென்ஸாகத் தெரியும். ஆடித் தள்ளுபடியில் ஒரு சேலை எடுக்கப் போய் ஐந்து சேலையோடு வருவோமே, அந்த மாதிரி. முன்பெல்லாம் பெரும்பாலான கம்பெனிகளில் உச்சவரம்பு 1,000 பவுண்டு. 2019இல் அதைத் தாண்டவும் வழி செய்துவிட்டார்கள். நான் கடைக்குப் போனபோது மனசில் இருந்தது 2,200 பவுண்டுக்கு ஒரு ஃபுல் சஸ்பென்ஷன் வண்டி, முன்னாலும் ஷாக், பின்னாலும் ஷாக், படத்தில் ஒருத்தர் அதில் பாறையிலிருந்து பறந்துகொண்டிருந்தார். என் வீட்டிலிருந்து வேலைக்கு ஆறு கிலோமீட்டர். வழியில் பாறை கிடையாது.

வழியைச் சொன்னால்தான் புரியும். வாக்லியில் வீடு, மலைச்சரிவில். காலையில் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்க வேண்டும். கீழே இன்ஃபர்மரி ரோட்டில் டிராம் தண்டவாளம் ரோட்டோடு ரோடாக ஓடும். அதைத் தாண்டி ஊர் நடுவுக்கு வந்தால் டான் ஆற்றங்கரைப் பாதை, ஐந்து அணைக்கட்டுகளைத் தொட்டுப் போவதால் ஃபைவ் வியர்ஸ் வாக் என்று பெயர். அதில் ஓரிடத்தில் பழைய ரயில் பாலத்தின் வளைவுக்கு அடியில், ஆற்றுக்கு மேலே, கம்பிகளில் கட்டித் தொங்கவிட்ட ஒரு நடைபாலம் இருக்கிறது. கோப்வெப் பாலம் என்கிறார்கள், சிலந்தி வலைதான். மேலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கழுத்தில் விழும், வெயில் காலத்திலும். அதைத் தாண்டினால் அட்டர்கிளிஃப், என் தொழிற்சாலை. சாயங்காலம் இதே வழி, ஆனால் கடைசி ஒன்றரை கிலோமீட்டர் ஏற்றம். 2014இல் டூர் த பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் இரண்டாம் நாள் ஓட்டம் இந்த ஊரில் முடிந்தபோது ஜென்கின் ரோடு ஏற்றத்தில் உலக வீரர்களே திணறினார்கள் என்று இங்குள்ளவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். என் தெரு அந்த அளவுக்கு இல்லை, இருந்தாலும் மூச்சு வாங்கும்.

இந்த வழிக்குப் பின்பக்க ஷாக் எதற்கு? மிதிக்கிற பலத்தில் கொஞ்சத்தை அது தின்னும், எடை கூடும், சேற்றில் அதன் பேரிங்குகள் தேய்ந்தால் மாற்றும் செலவு தனி. கடையில் இருந்த பையன் நல்லவன், அவனே சொன்னான், "வாரத்தில் ஐந்து நாள் ஓட்டுவதைப் பார்த்து வாங்குங்க, ஒரு நாளைப் பார்த்து வாங்காதீங்க" என்று. அப்புறம்தான் ஹார்ட்டெயில் பக்கம் திரும்பினேன், முன்னால் மட்டும் ஷாக் உள்ள வண்டி. 850 பவுண்டு, 29 அங்குலச் சக்கரம், காற்றடைத்த ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஷாக் கவை), ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், முன்னால் ஒரே ஒரு பல்சக்கரம். ஃபோர்க்கைப் பூட்டி வைக்க மேலே ஒரு சின்னத் திருகு உண்டு, ஏற்றத்தில் அதைத் திருப்பிவிட்டால் வண்டி தலையாட்டாது. எனக்கு அது ஒன்றே போதும் என்று தோன்றியது.

பொறுமை வேண்டிய இடம் அளவு. என் உயரம் ஐந்தரை அடி. மீடியம் ஸ்டாக் இல்லை, லார்ஜ் எடுத்துக்கொள்ளுங்கள், சீட்டை இறக்கினால் சரியாகிவிடும் என்று இன்னொரு கடையில் சொன்னார்கள். சீட்டை இறக்கலாம், ஃபிரேமின் நீளத்தை என்ன செய்வது? கையை நீட்டிக்கொண்டு முதுகு வலியோடு ஓட்ட வேண்டியதுதான். அப்பாவின் ஹெர்குலஸை குரங்குப் பெடல் போட்டு ஓட்டிய வயது தாண்டிவிட்டதே. மூன்று வாரம் காத்திருந்து மீடியம் வாங்கினேன். அந்தக் கடையிலேயே 15 சதவீதத் தள்ளுபடி என்று சிவப்பு அட்டை தொங்கிய வண்டிகளும் இருந்தன, திட்டத்தில் பணத்துக்குப் பதிலாகக் கடையில் நீட்டும் வவுச்சருக்கு அந்த விலை இல்லை என்றார்கள். வவுச்சர் நடத்தும் இடைத்தரகர்களுக்குக் கடைக்காரர் கமிஷன் கொடுக்க வேண்டியிருக்கிறது, அவரைக் குறை சொல்லியும் பிரயோஜனமில்லை. ஆனால் கையில் காசு இருந்தால் இரண்டு விலையையும் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். சில சமயம் திட்டத்துக்கு வெளியே வாங்குவதே மலிவு.

1,000 பவுண்டு வவுச்சரில் மீதி இருந்த 150 பவுண்டுக்கு என்ன வாங்கினேன் என்றால், தடித்த பூட்டு, முன்விளக்கு பின்விளக்கு, ஹெல்மெட், மட்கார்டு. இவற்றையும் அதே வவுச்சரில் சேர்க்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை, அப்புறம் வரி கட்டிய காசில் வாங்குகிறார்கள். டிசம்பரில் இங்கே நாலு மணிக்கெல்லாம் இருட்டு, முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு விளக்கு இல்லாமல் இருட்டில் ஓட்டுவது சட்டப்படி குற்றம். மட்கார்டு விஷயத்தில் நான் அசட்டை செய்தேன். மவுண்டன் பைக் ஃபிரேம்கள் பலவற்றில் அதை மாட்ட ஓட்டையே இருப்பதில்லை, கேரியருக்கும் அப்படித்தான், நானும் பார்க்காமல் வாங்கிவிட்டு பிளாஸ்டிக்கில் ஒரு துண்டு வாங்கி சீட்டுக்கு அடியில் மாட்டினேன். முதல் மழையிலேயே ஆற்றங்கரைச் சேறு முதுகில் கோடு போட்டாற்போல் ஏறிவிட்டது. அந்தச் சட்டையோடுதான் அன்றைக்கு ஆடிட்டர் முன்னால் நின்றேன்.

டயரும் அப்படித்தான். காட்டுக்கான பல்லுப்பல்லான டயர் தார் ரோட்டில் வண்டு மாதிரி ரீங்காரம் போடும், மிதிக்கவும் கனம். அகலமான டயர்தானே, டிராம் தண்டவாளம் என்ன செய்யும் என்று ஒரு நாள் மழையில் சாய்வாகத் தாண்டினேன். சக்கரம் பள்ளத்தில் விழவில்லை, ஈர இரும்பில் வழுக்கியது. முழங்கை தேய்ந்தது, தப்பு என்னுடையதுதான், நேர்குறுக்காகத் தாண்ட வேண்டும் என்று தெரியும். இப்போது வார நாளுக்கு வழவழப்பான ஒரு ஜோடி, ஞாயிற்றுக்கிழமைக்குப் பழைய பல் டயர் என்று மாற்றி மாட்டுகிறேன். நகத்தில் கறுப்பு போவதில்லை. துருப்பிடிக்காத எஃகை 1913இல் ஹாரி பிரியர்லி உருவாக்கியது இந்த ஊரில்தான், அதே ஊரில் குளிர்காலத்தில் பனி உறையாமலிருக்க ரோட்டில் தூவும் உப்பில் என் செயின் இரண்டே வாரத்தில் துருப்பிடித்தது. எண்ணெய் விட வேண்டும் என்று எனக்குத் தெரியாதா என்ன, இரும்போடுதான் இருபது வருஷமாக வேலை.

ஞாயிற்றுக்கிழமை என்றேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ரிங்கிங்லோ பக்கம் லேடி கேனிங்ஸ் என்று ஒரு பைன் தோப்பு, அதற்குள் சைக்கிளுக்கென்றே போட்ட பாதைகள். இங்கே பாதைகளுக்கு நிறம் வைத்திருக்கிறார்கள், பச்சை சுலபம், அப்புறம் நீலம், சிவப்பு, கறுப்பு. நான் நீலம். எட்டு வயதுப் பிள்ளைகள் என்னைத் தாண்டிப் போவார்கள், பரவாயில்லை. விதி ஒன்று உண்டு, சைக்கிள் ஓட்டுவதில் பாதிக்கு மேல் வேலைக்குப் போகவர இருக்க வேண்டும். யாரும் கிலோமீட்டர் கணக்குக் கேட்பதில்லை. ஆனால் காரில் கட்டி மலைக்கு எடுத்துப் போக மட்டுமே 3,000 பவுண்டு வண்டியை இந்தத் திட்டத்தில் வாங்குகிறவர்களை எனக்குத் தெரியும், அவர்களுக்கு 42 சதவீதம் மிச்சம்.

எனக்கு உறுத்துவது இந்த இடம்தான். எங்கள் தொழிற்சாலையில் லோடிங்கில் ஒரு தம்பி இருக்கிறான், காலை ஆறு மணி ஷிப்டுக்குப் பஸ் கிடைக்காமல் நடந்தே வருவான். சைக்கிள் யாருக்காவது தேவை என்றால் அவனுக்குத்தான். விண்ணப்பித்தான், முடியாது என்று வந்துவிட்டது. பிடித்தம் போக மிஞ்சும் சம்பளம் சட்டம் சொல்லும் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக் கூடாது. 2025 ஏப்ரலில் அது 21 வயது நிரம்பியவர்களுக்கு மணிக்கு 12.21 பவுண்டாக ஆனது, அப்போது அவன் வாங்கியது அதே கூலி, ஆக அவன் சம்பளத்தில் ஒரு பென்னியும் பிடிக்க முடியவில்லை. அவனைக் காப்பாற்றத்தான் அந்தச் சட்டம், அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் மேனேஜருக்கு 42, எனக்கு 28, அவனுக்குப் பூஜ்யம். சொந்தமாகத் தொழில் செய்பவர்களுக்கும், சைக்கிளில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறார்களே, அவர்களில் பெரும்பாலோருக்கும் இது கிடையாது. சைக்கிளிலேயே பிழைக்கிறவனுக்குச் சைக்கிள் சலுகை இல்லை. அந்தத் தம்பி கடைசியில் 70 பவுண்டு ரொக்கம் கொடுத்து ஒரு பழைய வண்டி வாங்கினான், நானும் போய்ப் பார்த்து பிரேக் கட்டை மாற்றிக் கொடுத்தேன்.

நம்மூர் முதலாளிகள் கற்றுக்கொள்ளட்டும் என்று எழுதியிருந்தீர்கள். கோவையில் இதைச் செய்வதாக இருந்தால் வரியில் கழிக்கும் முறையைக் காப்பியடிக்க வேண்டாம், வார்ப்புப் பட்டறையில் வருமான வரி கட்டுகிறவர்கள் எத்தனை பேர்? பழைய அட்வான்ஸ் முறையே மேல், வட்டியில்லாமல் கொடுத்து மாதம் முந்நூறு நானூறு பிடித்தால் போதும், வண்டியும் முதல் நாளே தொழிலாளியுடையதாக இருக்கும்.

வரும் பிப்ரவரியோடு என் பன்னிரண்டாவது பிடித்தம் முடிகிறது. கம்பெனியிலிருந்து படிவம் வரும், அதில் 25 சதவீதக் கட்டமும் 7 சதவீதக் கட்டமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்குமாம். எதில் டிக் போட வேண்டும் என்று என் மனைவி இப்போதே எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
கோவைக்காரன் ஒருவன்,
ஷெஃபீல்டு, இங்கிலாந்து