புரியாத இடக்குறிப்பைத் திருத்தாதீர்கள், நின்று சொல்லுங்கள்

மரபணுத்தொடர் கோப்புகளைப் படிக்கும் நிரலைப் பராமரிக்கும் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் புதிய பதிப்பை இறக்கி முதல் வேலையாக, நான் முன்பே சோதித்த ஓர் இடக்குறிப்பை, அதாவது மரபணு எந்த எழுத்திலிருந்து எந்த எழுத்து வரை என்று சொல்லும் வரியை, கொடுத்துப் பார்த்தேன். பழைய தவறு அப்படியே இருக்கிறது.

கோவிட் தரும் கொரோனா வைரஸின் ஒப்பீட்டுத் தொடரை, எல்லாரும் ஒப்பிட்டுப் பார்க்கும் மூலத் தொடரைத்தான் சொல்கிறேன். அமெரிக்காவின் மரபணுத்தொடர்க் கிடங்கான ஜென்பேங்கின் கோப்பில் ஓஆர்எஃப்1ஏபி என்ற மரபணுவின் இடம் 'ஜாயின்(266..13468,13468..21555)' என்று இருக்கும்; இந்த இரண்டு துண்டையும் இதே வரிசையில் சேர் என்று பொருள். 13468 இரண்டு முறை வருவது பிழையல்ல. புரதத்தைக் கட்டும் ரைபோசோம் அங்கே ஓர் எழுத்து பின்னால் வழுக்கி, அதே எழுத்தை மறுபடி படிக்கிறது. உங்கள் நிரலோ இரண்டு துண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிறதே என்று 266..21555 ஆக ஒட்டிவிடுகிறது. 21291 எழுத்து 21290 ஆகிறது. எழுத்துகளை மும்மூன்றாகப் படிப்பதால், ஒன்று குறைந்தாலும் அதன் பிறகு எல்லாம் மாறி, நிறுத்தக் குறி முன்னாலேயே வந்துவிடும். 7096 அமினோ அமிலம் வரவேண்டிய புரதம் 4405-இல் நின்றுவிடுகிறது.

என் மாணவி இதை நம்பினாள். தான் எடுத்த மாதிரிகள் எல்லாவற்றிலும் புரதம் பாதியில் முடிவதைப் பார்த்து, மாதிரியில்தான் கோளாறு என்று நினைத்து, குளிர்பெட்டியிலிருந்து எடுத்து முதலிலிருந்து செய்தாள். மூன்று வாரம் போனது. 'எனக்குக் கை சரியில்லை போல சார்' என்று அவள் சொன்னபோதுதான் ஒப்பீட்டுத் தொடரையே உங்கள் நிரலில் ஓட்டிப் பார்த்தேன். அதிலும் 4405. ஒரு எச்சரிக்கை வரிகூட இல்லை.

புரியவில்லை என்றால் நின்று சொல்லுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

வட்ட மரபணுத்தொகுதிகளின் கதியும் இதுதான். பைஎக்ஸ்174 வைரஸின் நீளம் 5386. அதன் ஏ மரபணு 3981-இல் தொடங்கி, வட்டம் முடிந்து, 1..136 வரை போகிறது. நிரல் துண்டுகளைச் சின்ன எண்ணிலிருந்து அடுக்கினால் மரபணுவின் வால் தலைக்கு வந்துவிடும். அப்புறம் '<345' என்பதில் உள்ள அந்தச் சின்னக் குறி. 'மரபணு இதற்கு முன்னால் எங்கோ தொடங்குகிறது, சரியான இடம் தெரியாது' என்று தொடரைப் பதிந்தவர் நேர்மையாகச் சொன்ன சொல் அது. அதையும் உதறிவிடுகிறீர்கள். இதற்கெல்லாம் ஜென்பேங்க், ஐரோப்பாவின் ஈஎன்ஏ, ஜப்பானின் டிடிபிஜே ஆகிய மூன்று தொடர்க் கிடங்குகளும் சேர்ந்து எழுதிவைத்த விதிமுறை இருக்கிறது. எதைக் கொடுத்தாலும் எப்படியாவது படித்துவிடுவதே நல்ல நிரல் என்ற எண்ணம் நம் துறையில் எப்போது வந்தது? தவறான விடையைவிட விடை இல்லாதது எவ்வளவோ மேல்.

கோபத்தில் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன், மன்னியுங்கள். சம்பளம் வாங்காமல் ராத்திரி கண்விழித்து இதைச் செய்கிறீர்கள் என்று தெரியும். பத்து வருடமாக உங்கள் நிரலில்தான் பாடம் நடத்துகிறேன், வேறொன்றுக்கு மாற மனமில்லை.

ஆகவே பணிவாகக் கேட்கிறேன். துண்டுகளை எழுதியவர் தந்த வரிசையிலேயே வையுங்கள், ஒட்டாதீர்கள். படிக்க முடியாத குறிப்பு வந்தால், எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி என்று சொல்லி நின்றுவிடுங்கள். மேலே சொன்ன மூன்றையும் உங்கள் சோதனைக் கோப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜூனில் அடுத்த வகுப்பு தொடங்குகிறது, அதற்குள் முடிந்தால் நல்லது.

இப்படிக்கு,
உங்கள் நிரலைக் கற்றுக்கொடுக்கும் ஓர் ஆசிரியர்