உதகை மருத்துவக் கல்லூரி பந்தலூருக்கும் வரட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உதகையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 700 படுக்கைகளுடன் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. பழங்குடியினருக்கென்றே அதில் 50 படுக்கைகள் ஒதுக்கப்பட்டிருப்பது பாராட்டுக்குரியது. ஆனால் அந்த வார்டை அதிகம் நாட வேண்டிய பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் மக்களில் பெரும்பகுதியினர் கூடலூர், பந்தலூர் வட்டங்களில்தான் வாழ்கின்றனர். கூடலூரிலிருந்து உதகைக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் மலைப்பாதை. பந்தலூர் அதற்கும் அப்பால் இருக்கிறது. இங்குள்ளவர்கள் அவசரத்துக்குக் கேரள எல்லை தாண்டிச் சுல்தான் பத்தேரிக்கும், நோய் முற்றினால் கோழிக்கோட்டுக்கும் செல்வது உதகை மீதுள்ள வெறுப்பினால் அன்று, வழி அப்படி அமைந்திருப்பதால்தான்.

அரிவாள் செல் ரத்தசோகையை எடுத்துக்கொள்வோம். ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து கடும் உடல்வலியைத் தரும், பரம்பரையாக வரும் இந்நோய் நீலகிரிப் பழங்குடியினரிடையே பரவலாகக் காணப்படுகிறது. ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை உடல்வலித் தாக்குதல்களைக் குறைக்கும். ஆயினும் ரத்த அணுக்களின் எண்ணிக்கையைக் குறிப்பிட்ட இடைவெளியில் பரிசோதித்து, அதற்கேற்ப அளவைக் கூட்டியும் குறைத்தும் தர வேண்டிய மருந்து அது. ஆகவே 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தருவதைப்போல மாத்திரையை வீட்டில் கொடுத்துவிட்டு வந்தால் மட்டும் போதாது. மருத்துவரும் ஆய்வக வசதியும் நோயாளிக்கு அருகில் இருந்தாக வேண்டும். ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒரு நாள் கூலியை இழந்து, துணைக்கு வருபவரின் கூலியையும் இழந்து, உதகைக்குப் பேருந்து ஏற வேண்டுமென்றால் தோட்டத் தொழிலாளி இரண்டாவது முறையோடு நின்றுவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

மருத்துவக் கல்லூரிக்கும் சாதாரண மருத்துவமனைக்கும் உள்ள வேறுபாடு படுக்கை எண்ணிக்கையில் இல்லை. துறைதோறும் பேராசிரியர்களும், அவர்களிடம் பயிலும் மாணவர்களும், பயிற்சி மருத்துவர்களும் இருப்பதில்தான் இருக்கிறது. கட்டடத்தை நகர்த்த முடியாது, இவர்களை நகர்த்தலாம். பொது மருத்துவம், குழந்தை மருத்துவம், மகப்பேறு ஆகிய துறைகளின் பேராசிரியர்கள் முறைவைத்து, முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட கிழமைகளில் கூடலூர் அரசு மருத்துவமனைக்கும் பந்தலூருக்கும் வந்து புறநோயாளிகளைப் பார்க்க வேண்டும். பயிற்சி மருத்துவர்கள் சமுதாய மருத்துவத்தில் செலவிட வேண்டிய 12 வாரங்களில் ஒரு பகுதியைச் சேரம்பாடி, எருமாடு பக்கம் கழிக்கச் செய்யலாம். அரிவாள் செல் நோயையும், பாம்புக்கடியையும், யானை தாக்கி வருபவரின் காயங்களையும் நேரில் கண்டு கற்க இதைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் அரிது. காணொலி வழி ஆலோசனை போதாதா என்று சிலர் கேட்கக்கூடும். வயிற்றைத் தொட்டுப் பார்க்கும் வேலையைத் திரையால் செய்ய முடியாது.

இதற்கு முதல் தேவை, வரும் மருத்துவர்களுக்குத் தங்கும் குடியிருப்பு. மழைக்காலத்தில் மண் சரிந்து நடுவட்டம் சாலை அடைபடும் இப்பகுதிக்கு அன்றாடம் உதகையிலிருந்து வந்து திரும்புமாறு யாரையும் எதிர்பார்ப்பது நியாயமன்று. குடியிருப்புக்கான இடத்தை மாவட்ட நிர்வாகமும், கிழமை அட்டவணையைக் கல்லூரி முதல்வரும் வரும் தென்மேற்குப் பருவமழைக்கு முன் அறிவிக்க வேண்டுமெனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
பந்தலூர், நீலகிரி மாவட்டம்.