ஹார்பினில் என் மகளுக்கு உதவிய அக்காவுக்கு நன்றி

சீனாவின் ஹார்பின் நகரில், சோங்ஹுவா ஆற்றங்கரையில் எங்களுக்கு உதவிய அந்த அக்காவின் பெயர் தெரியாது. கேட்பதற்குள் கூட்டத்தில் போய்விட்டார்.

ஹார்பினில் ஜனவரி இரவுகளில் மைனஸ் 20க்கும் கீழே போவது சாதாரணம். ஆறே உறைந்து கிடக்கும். அதிலிருந்து வெட்டி எடுத்த பாளங்களை வைத்துத்தான் பனித் திருவிழாவுக்கு மாளிகைகள் கட்டுகிறார்கள். கரையில் நின்றுகொண்டிருந்தபோது கால்விரல் வலிக்கிறது என்று மகள் அழ ஆரம்பித்தாள். குளிரில் என் போனும் அணைந்துவிட்டது, வண்டி கூப்பிட வழியில்லை.

அந்த அக்கா குனிந்து மகளின் ஷூ முனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். உடனே பக்கத்துக் கடைக்குள் கூட்டிப்போய், இரண்டு ஜோடி சாக்ஸில் ஒன்றைக் கழற்றச் சொன்னார். விரல் அசைய இடம் இருந்தால்தான் ரத்தம் ஓடுமாம், காற்றும் சூட்டைப் பிடித்து வைக்குமாம். எல்லாம் அவர் போனில் மொழிபெயர்த்துக் காட்டியது. அப்புறம் கைப்பையிலிருந்து சூட்டுப் பட்டைகளை எடுத்தார். உள்ளே இருக்கும் இரும்புத்தூள் காற்று பட்டதும் சூடாகும். தோலில் ஒட்டினால் சுட்டுவிடும் என்பதால் சாக்ஸின் மேல் பார்த்துப் பார்த்து ஒட்டினார்.

பருத்தி பனியன் வியர்வையில் நனைந்தால் குளிர் இன்னும் ஏறும், கம்பளிதான் நல்லது என்றும் சொன்னார். கடைக்குள் நல்ல வெப்பம், அதனால் கழற்றி மாட்ட வசதியாக அடுக்கடுக்காகப் போடணும். போகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள்.

மறுநாள் மத்தியத் தெருவில் உள்ளூர்ப் பிள்ளைகளோடு நின்று ஐஸ்கிரீம் சாப்பிட்டாள் என் மகள். அக்கா, நீங்கள் நல்லா இருக்கணும்.